மாட்டுப்பாலா, தாவரப் பாலா? மாறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பாலை விட்டுவிட்டு ஓட்ஸ் பாலுக்கோ பாதாம் பாலுக்கோ மாறலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது நீங்கள் குடிக்கும் பால் உங்கள் உடம்புக்கு என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது? நாளைக்கு இரண்டு தடவை டீயில் கொஞ்சம் ஊற்றிக்கொள்பவருக்கு அதனால் கிடைப்பது நிறமும் ருசியும்தான். கறி, மீன், முட்டை எதையும் தொடாமல், காலையிலும் இரவிலும் ஒரு டம்ளர் பால் குடித்து, நடுவில் தயிரும் சேர்த்துக்கொள்பவருக்கோ வைட்டமின் பி12 கிடைக்க அதுதான் ஒரே வழி, கால்சியத்துக்குப் பெரிய வழி, புரதத்திலும் அதற்குக் கணிசமான பங்கு உண்டு. இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. முதல் ஆள் எதற்கு வேண்டுமானாலும் மாறலாம், ஒன்றும் ஆகாது. இரண்டாவது ஆள் யோசிக்காமல் மாறினால் இழப்பு உண்டு, அது தெரியவர ஒரு வருடமோ அதற்கு மேலோகூட ஆகலாம்.

சரி, முதலில் மாட்டுப்பாலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கொழுப்பு எடுக்காத பால் 250 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 8 கிராம் புரதம், 8 கிராம் கொழுப்பு, 12 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, 300 மில்லிகிராம் கால்சியம், 150 கலோரி. அந்தக் கொழுப்பில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 சுமார் 2.4 மைக்ரோகிராம் என்றால், அதில் கிட்டத்தட்ட பாதி இந்த ஒரு டம்ளரிலேயே வந்துவிடுகிறது. புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், மீதி வே புரதம். நம் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன, எளிதில் செரிக்கவும் செய்யும்.

இதற்கு எதிரே 'தாவரப் பால்' என்று ஒரே பெயரில் நிற்கிறவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள். இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சோயா பாலில் ஒரு டம்ளருக்கு 7 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, அதன் தரமும் பால் புரதத்துக்குப் பக்கத்தில் வருகிறது, கொழுப்பு குறைவு, அதிலும் பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்பு. பட்டாணிப் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்யும் பாலும் புரத அளவில் மாட்டுப்பாலைத் தொட்டுவிடும். பாதாம் பாலில் புரதம் ஒரு கிராம், சர்க்கரை சேர்க்காததில் கலோரி 30, 40தான். காரணம் எளிது: டப்பாவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், பாதாம் மிகக் கொஞ்சம். பாதாம் நல்ல சத்துள்ள பருப்பு என்பது உண்மை, ஆனால் அந்தச் சத்து வேண்டுமென்றால் பத்துப் பாதாமை ஊறவைத்துத் தின்பதே மேல். ஒரு டம்ளர் பாதாம் பாலில் அந்த அளவுகூட இருக்காது. ஓட்ஸ் பாலில் 2, 3 கிராம் புரதம். அரிசிப் பாலில் ஒரு கிராம்கூடத் தேறாது, மாவுச்சத்து மட்டும் 20 கிராமைத் தாண்டும். குடிப்பதற்கென்று நீர்க்கச் செய்து விற்கும் தேங்காய்ப் பாலில் புரதம் என்று சொல்ல எதுவும் இல்லை, இருக்கிற கொழுப்பும் பெரும்பாலும் நிறைவுற்றதுதான்.

புரதத்தில் அளவு மட்டும் போதாது, தரமும் பார்க்க வேண்டும். பாதாம், ஓட்ஸ், அரிசி மூன்றிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறு வகைகளை தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு இது கவலையே இல்லை, அங்கிருந்து லைசின் வந்துவிடும். சாப்பாடு சரியாக இறங்காத வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும்தான் இது உறைக்கும்.

ஓட்ஸ் பாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது பலர் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிக்கார்ட் எஸ்தே 1990களில் கண்டுபிடித்த முறை இது. ஓட்ஸைத் தண்ணீரில் அரைத்தால் கிடைப்பது கஞ்சி, சூடாக்கினால் கூழாகிவிடும். அதில் நொதிகளைச் சேர்த்து மாவுச்சத்தை உடைத்தால் நீர்த்துப்போய்க் குடிக்கும் பதத்துக்கு வரும். உடைந்த மாவுச்சத்தில் ஒரு பங்கு மால்டோஸ் என்ற சர்க்கரையாகிவிடுகிறது. தனியாகச் சர்க்கரை போடாத ஓட்ஸ் பாலும் இனிப்பது இதனால்தான். பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து இதில் இருப்பது நல்ல விஷயம், கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்க அது உதவும். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் 'ஓட்ஸ்தானே' என்று நினைத்து டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கூடாது. முழு ஓட்ஸ் மெதுவாகச் செரிக்கும், முன்னாலேயே நொதி உடைத்துவைத்த ஓட்ஸ் பால் அப்படியில்லை. சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்க வேண்டியவர்களுக்கு இனிப்புச் சேர்க்காத சோயா பாலே பொருத்தம்.

அடுத்து கால்சியம், பி12, வைட்டமின் டி. தாவரப் பாலில் இவை இயற்கையாக இல்லை, இருந்தாலும் மிகக் கொஞ்சம். தயாரிப்பவர்கள் சேர்த்தால்தான் உண்டு. அதனால் டப்பாவை எடுத்ததும் முன்பக்கம் பார்க்காமல் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் கால்சியம் என்று போட்டிருந்தால் அது மாட்டுப்பாலுக்குச் சமமாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் பி12, டி, முடிந்தால் அயோடின். அயோடினை யாருமே கவனிப்பதில்லை. மாட்டுப்பால் பல நாடுகளில் அயோடினுக்கு ஒரு முக்கியமான வழி, தாவரப் பால் வகைகளில் பலவற்றில் அதைச் சேர்ப்பதே இல்லை. அயோடின் கலந்த உப்பு வீட்டில் இருந்தால் பயமில்லை, கல்லுப்பு மட்டும் பயன்படுத்துகிறவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். இன்னொன்று, 'ஆர்கானிக்' என்று எழுதியிருந்தால் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஆர்கானிக் பொருளில், சட்டம் கட்டாயப்படுத்தினால் ஒழிய, இப்படிச் சத்துகளைச் சேர்க்க முடியாது. அதனால் விலை கூடிய ஆர்கானிக் டப்பாவில் கால்சியமே இல்லாமல் போகலாம்.

சேர்த்த கால்சியம் உடம்பில் ஒட்டுமா என்று கேட்பார்கள். ஒட்டும், ஆனால் எந்த வடிவத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2000-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹீனியின் குழு, ட்ரைகால்சியம் பாஸ்பேட் சேர்த்த சோயா பாலிலிருந்து கால்சியம் உறிஞ்சப்படுவது மாட்டுப்பாலில் முக்கால் பங்குதான் என்று காட்டியது. 2005-இல் வந்த வேறொரு ஆய்வில், கால்சியம் கார்பனேட் சேர்த்த சோயா பால் மாட்டுப்பாலுக்குச் சமமாகவே இருந்தது. ஆக, லேபிளில் கார்பனேட் என்று இருந்தால் இன்னும் நல்லது. எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள். சேர்த்த கால்சியம் வெள்ளைச் சேறு மாதிரி அடியில் தங்கிவிடும், குலுக்காமல் ஊற்றிக்கொண்டே வந்தால் கால்சியத்தில் பெரும்பங்கு கடைசியில் காலி டப்பாவோடு குப்பைக்குப் போகும்.

வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வீட்டில் அரைத்த பாதாம் பாலிலும் ஓட்ஸ் பாலிலும் கால்சியம், பி12, டி எதுவும் சேராது. ருசிக்காகச் செய்தால் செய்யுங்கள், பாலுக்கு மாற்று என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஓட்ஸ் பால் வழுவழுவென்று வராமல் இருக்க ஐஸ் தண்ணீர் விட்டு அரை நிமிடத்துக்கு மேல் அரைக்காமல், துணியைப் பிழியாமல் வடிகட்ட வேண்டும். சோயா என்றால் இரவு முழுக்க ஊறவைத்து, கொதிக்கிற வெந்நீர் விட்டு அரைத்தால் பச்சை வாடை குறையும், ஏனென்றால் அந்த வாடையைக் கிளப்பும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். வடிகட்டியபின் நன்றாகக் கொதிக்கவிட்டே ஆக வேண்டும், பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. நுரை பொங்கி மேலே வந்ததும் கொதித்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுவார்கள், அது நுரை மட்டும்தான். நுரை அடங்கியபின்னும் பத்து நிமிடமாவது அடுப்பில் இருக்க வேண்டும்.

வயிறு ஒத்துக்கொள்ளாததால் பாலை விட நினைப்பவர்கள் நிறைய. இவர்களுக்குத்தான் தவறான வழி காட்டப்படுகிறது என்று எனக்கு வருத்தம். உலகத்தில் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு லாக்டேஸ் என்ற நொதி குறைந்துவிடுகிறது. அப்போது லாக்டோஸ் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து, வயிறு உப்பி, வாயு சேர்ந்து, கலக்கும். ஆனால் இப்படி இருப்பவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ், அதாவது ஒரு டம்ளர் பால் வரை, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்கிக்கொள்கிறார்கள். தயிரில் லாக்டோஸ் குறைவு, உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களே செரிக்கவும் உதவுகின்றன. முற்றிய கெட்டிச் சீஸில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். இதெல்லாம் போதாது என்றால் லாக்டோஸ் நீக்கிய பால் இருக்கிறது. சாதாரணப் பாலில் லாக்டேஸ் நொதியைச் சேர்த்து லாக்டோஸை குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று உடைத்துவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும், மற்றபடி புரதம், கால்சியம், பி12 எல்லாம் அப்படியே இருக்கும். லாக்டோஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால் பாதாம் பாலுக்குத் தாவுவதற்கு முன் இதை ஒரு தடவை பாருங்கள்.

பால் அலர்ஜி என்பது வேறு. அது பால் புரதத்துக்கு எதிராக நோய் எதிர்ப்பு மண்டலம் கிளம்புவது, பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் வருவது, பல பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும். அவர்களுக்கு லாக்டோஸ் நீக்கிய பால் ஆபத்து, ஏ2 பால் (ஏ2 என்ற வகைக் கேசீன் மட்டும் உள்ள மாட்டுப்பால்) ஆபத்து, ஆட்டுப்பாலும் ஆபத்துதான், ஏனென்றால் அதிலிருக்கும் புரதமும் மாட்டுப்பால் புரதத்தின் சாயலில்தான் இருக்கிறது. இங்கே தாவரப் பால் உண்மையாகவே தேவைப்படுகிறது, ஆனால் எது என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஆகாது.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒரு வயது வரை தாய்ப்பால் அல்லது அதற்கென்றே தயாரித்த குழந்தைப் பால் பவுடர், அவ்வளவுதான். மாட்டுப்பாலையும் அந்த வயதில் முக்கிய ஆகாரமாகக் கொடுக்கக் கூடாது, எந்தத் தாவரப் பாலையும் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் அரிசிப் பாலை முக்கிய ஆகாரமாகக் கொடுத்து வளர்த்த ஒரு சிறு பிள்ளைக்கு குவாஷியோர்கர், அதாவது பஞ்ச காலத்தில் வரும் கடும் புரதக் குறைபாட்டு நோய், வந்ததை 2001-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. பெற்றோர் பணமில்லாமல் கொடுத்தது இல்லை அது, நல்லது என்று நம்பிக் கொடுத்தது. அரிசிப் பாலில் இன்னொரு சிக்கலும் உண்டு: நெல் மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் ஆர்செனிக் என்ற நச்சுப் பொருளை இழுத்துக்கொள்ளும். பிரிட்டனில் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரிசிப் பால் கொடுக்க வேண்டாம் என்றே அரசு சுகாதாரத் துறை சொல்கிறது. ஒரு வயது தாண்டி, பால் கொடுக்க முடியாத நிலை என்றால் கால்சியமும் வைட்டமின்களும் சேர்த்த, இனிப்பில்லாத சோயா பாலுக்குத்தான் முதலிடம். அமெரிக்க அரசின் 2020-2025 உணவு வழிகாட்டியும் தாவரப் பால்களில் சத்து சேர்த்த சோயாவை மட்டும்தான் பால் வகைகளுக்குள் சேர்த்தது.

சோயா என்றாலே 'ஹார்மோனைக் கெடுக்கும், ஆண்களுக்கு ஆகாது' என்று ஒரு பேச்சு வரும். அதிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற பொருள்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சாயலில் இருப்பது நிஜம், ஆனால் மனிதர்களிடம் செய்த மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவில் மாற்றம் தெரியவில்லை. தினமும் ஒன்றிரண்டு டம்ளர் குடிப்பவர் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மாத்திரையோடு சேர்த்துச் சோயா பால் குடிக்கக் கூடாது, உறிஞ்சுதல் குறையும். மாட்டுப்பாலின் கால்சியமும் அதே வேலையைத்தான் செய்யும் என்பதால் எந்தப் பாலாக இருந்தாலும் நான்கு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மாட்டுப்பால் பக்கமும் ஒரு பயமுறுத்தல் உண்டு, 'பால் விஷம்' என்பது வரை போகிறார்கள். ஆதாரம் அப்படிச் சொல்லவில்லை. பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைப் பால் குறைப்பதற்கு ஓரளவு வலுவான சான்று இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோயோடு தொடர்பு இருக்கலாம் என்று வலுக்குறைவான சான்றும் இருக்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் கொழுப்பு நீக்கிய பாலோ சோயா பாலோ எடுப்பது புத்திசாலித்தனம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு: பாஸ்பரசும் பொட்டாசியமும் குறைவாக வேண்டும் என்பதால், மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்காத நீர்த்த பாதாம் பால் அவர்களுக்குப் பொருந்தலாம், பாஸ்பேட் சேர்க்காததாகப் பார்த்து எடுக்க வேண்டும். சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் கல் வருகிறவர்களுக்கு மட்டும் பாதாம் நல்லதில்லை.

இனி சுற்றுச்சூழல். 2018-இல் ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள், 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தகவலைத் திரட்டியது. அதன்படி உலக சராசரியில் ஒரு லிட்டர் மாட்டுப்பாலுக்கு 3.2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுக்கள் வெளியேறுகின்றன, 628 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, ஏறக்குறைய 9 சதுர மீட்டர் நிலம் வேண்டும். சோயா பாலுக்கு ஒரு கிலோ, 28 லிட்டர் தண்ணீர். ஓட்ஸுக்கு 0.9 கிலோ, 48 லிட்டர். பாதாமுக்கு 0.7 கிலோ, ஆனால் தண்ணீர் 371 லிட்டர். அரிசிக்கு 1.2 கிலோ, 270 லிட்டர். நிலம் நான்கிலுமே ஒரு சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். உலகத்துப் பாதாமில் பெரும்பங்கு தண்ணீர்ப் பஞ்சம் உள்ள கலிபோர்னியாவில் விளைகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் நான்குமே பாலைவிட மேல். ஆனால் சத்தை வைத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. ஒரு லிட்டர் மாட்டுப்பாலில் 33 கிராம் அளவுக்குப் புரதம், பாதாம் பாலில் நான்கைந்து கிராம். ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு வாயு என்று வகுத்துப் பார்த்தால் பாதாம் பால் மாட்டுப்பாலைவிட மோசமாகவே வரும், அரிசிப் பால் இன்னும் மோசம், ஓட்ஸ் பால் ஏறக்குறைய சமம், சோயா பால் மூன்றில் ஒரு பங்குதான். பாலைப் புரதத்துக்காகக் குடிக்காதவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. புரதத்துக்காகக் குடிப்பவர், பூமியையும் நினைத்து மாறுகிறார் என்றால், சோயாவைத் தவிர வேறு எதற்கும் அவர் போவதில் அர்த்தமில்லை. சோயாவுக்காகக் காடு அழிகிறது என்பார்கள், அழிகிறதுதான், ஆனால் உலகத்துச் சோயாவில் முக்கால் பங்குக்கு மேல் கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது, பாலாகி நம் டம்ளருக்கு வருவது அதில் சிறு துளி.

கன்றை நினைத்துப் பாலை விடுபவர்களிடம் நான் எந்தப் பட்டியலையும் நீட்டுவதில்லை. மாடு கன்று போட்டால்தான் பால், பெரிய பண்ணைகளில் கன்று பிறந்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ பிரிக்கப்படுகிறது, காளைக்கன்றுக்கு அங்கே இடமில்லை. இதைப் பொறுக்க முடியாது என்று ஒருவர் சொன்னால் அது முழுமையான காரணம், அதற்குமேல் புரதக் கணக்கு காட்டி மடக்க வேண்டியதில்லை. அவர்களிடம் சொல்ல இருப்பது ஒன்றே: பி12 மாத்திரையை விட்டுவிடாதீர்கள். பி12 சேர்த்த தாவரப் பாலை மட்டும் நம்பியிருந்தால் போதாமல் போகலாம், பி12 குறைந்தால் கைகால் மரத்துப்போவதில் தொடங்கி நரம்பையே பாதிக்கும், சில பாதிப்புகள் திரும்பச் சரியாகாது.

கடைசியாக அடுப்படி. சூடான காபியில் சோயா பாலை ஊற்றினால் பல நேரம் திரிந்துவிடும், காபியின் அமிலமும் சூடும் சேர்ந்து புரதத்தைத் திரளவைப்பதால். பாலை முதலில் மிதமாகச் சூடாக்கி, அதில் காபியை மெதுவாகச் சேர்த்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். 'பரிஸ்டா' என்று விற்கும் வகைகளில் அமிலத்தை அடக்கும் பாஸ்பேட்டும் கூடுதல் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள், அதனால்தான் திரியாமல் நுரைத்து வருகிறது. டீக்கும் காபிக்கும் ருசியில் எனக்குப் பிடித்தது ஓட்ஸ் பால்தான், அதில் சந்தேகமில்லை. தயிர் தோய்க்க வேண்டுமென்றால் சோயா ஓரளவு கட்டியாக உறையும், பாதாமும் ஓட்ஸும் கெட்டிப்படுத்த வேறு ஏதாவது சேர்க்காமல் நிற்காது, ஏனென்றால் தயிரைக் கட்டியாக்கும் கேசீன் வலை அவற்றில் கிடையாது. தயிரை விட மனமில்லாதவர்கள் தயிருக்கு மாட்டுப்பாலும், குடிப்பதற்குச் சோயா பாலும், டீக்கு ஓட்ஸ் பாலும் என்று வைத்துக்கொள்ளலாம். முழுவதும் மாறினால்தான் மாற்றம் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.